சனிக்கிழமைதான் வெட்டு

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு மேகமலைப் பக்கம் வானம் கறுத்தது. பந்தலுக்கு அடியில் நின்றபடியே சகாயராணி கைப்பேசியை எடுத்தாள். வெட்டுக்கு ஆள் கூட்டிவரும் அக்கம்மாளின் எண் மேலேயே இருந்தது. ஒரு தட்டுப் போதும். நாளைக் காலை ஆறு மணிக்குப் பன்னிரண்டு பெண்கள் கத்தரிக்கோலோடு வந்து இறங்கிவிடுவார்கள். சாயங்காலத்துக்குள் முக்கால் ஏக்கரும் காலி. அப்புறம் வானமே இடிந்து விழட்டும்.

தலைக்கு மேலே பன்னீர் திராட்சை கொத்துக் கொத்தாகத் தொங்கியது. கறுப்பு ஏறிவிட்டது. பாதையில் போகிறவர்கள் பழுத்துவிட்டது என்றுதான் சொல்வார்கள். ஆனால் திராட்சைக்கு நிறம் முந்தி வரும், இனிப்பு பிந்தி வரும். கொத்தின் அடிநுனியில் தொங்கும் பழம்தான் கடைசியாக இனிக்கும். அது இனிக்க இன்னும் நாலு நாள் வேண்டும். மாங்காயைப் போல வெட்டி வைக்கோலில் போட்டுப் பழுக்க வைக்கிற சங்கதி இல்லை இது. கொடியை விட்டு வந்த நிமிடத்தில் என்ன புளிப்போ, அந்தப் புளிப்போடு நின்றுவிடும்.

அந்த நாலு நாள் காத்திருப்பதுதான் சகாயராணியால் முடியாத காரியம். கடந்த இரண்டு வெட்டிலும் முடியவில்லை. வானம் கறுத்தவுடன் ஆளைக் கூப்பிட்டு வெட்டிவிட்டாள். இரண்டு தடவையும் மழை பெய்யவில்லை.

கம்பத்து வியாபாரி நாகராஜ் போன வெட்டில் ஒரு கொத்தைத் தூக்கி நுனிப் பழத்தைக் கடித்தான். ஒரு கண் தானாக மூடிக்கொண்டது.

"யக்கா, கோட்டயத்துல இதத் தின்னவுக என்னையத் திட்ட மாட்டாக. எங்கப்பனத் திட்டுவாக. ரெண்டு தடவ பொறுத்துட்டேன். மூணாந்தடவையும் புளிச்சுச்சுன்னா என் வண்டி இந்தப் பக்கம் திரும்பாது, சொல்லிப்புட்டேன்."

வேறு வியாபாரிகளுக்குப் பஞ்சமில்லைதான். ஆனால் 'நாகராஜ் விட்ட தோட்டம்' என்று பெயர் விழுந்துவிட்டால், அடுத்து வருகிறவன் பழத்தைப் பார்க்க மாட்டான், பெயரைத்தான் பார்ப்பான். ராயப்பன்பட்டியில் இருபது வருடமாக நல்ல பெயரைக் காப்பாற்றிய தோட்டம் அது. இந்தத் தடவை நாகராஜின் வண்டி சனிக்கிழமை காலை வருகிறது. இன்று செவ்வாய்.

சகாயராணி அக்கம்மாளின் எண்ணைப் பார்த்தாள். எண்ணும் அவளைப் பார்த்தது.

மழைக்கு இத்தனை பயப்படுகிறவள் எதற்குத் திராட்சை போட்டாள்? அவள் போடவில்லை, இருதயம் என்ற அவள் அப்பா போட்டது. சண்முகநதி அணைக்குப் போகும் பாதையில் அவர் நட்ட கல்தூண்கள், அவர் இழுத்த கம்பி. தம்பி ஜான் பீட்டருக்கு லோயர் கேம்ப் மின்நிலையத்தில் ஒப்பந்த வேலை, மண்மேல் ஆசை கிடையாது. கணவர் ஆண்டனி ராஜ் அரசுப் பேருந்தில் நடத்துநர். பந்தல் மகளின் கைக்கு வந்தது. கொடியைக் கழித்துக் கவாத்து வெட்டுவதிலும் கொத்துத் திருத்துவதிலும் அவளுக்கு இணை அந்தப் பாதையில் இல்லை. கவாத்து முடிந்து நூற்றுப் பத்து நாள்வரை அவளைப் போல் தைரியசாலியும் கிடையாது. கடைசிப் பத்து நாளில்தான் ஆட்டம் காணும்.

அவளுக்கு இருபத்திரண்டு வயதில் ஓர் ஐப்பசி. வெட்டுக்கு இரண்டு நாள் இருக்கும்போது காற்றோடு மழை பிடித்தது. பழத்தோடு கனத்திருந்த பந்தல் நனைந்து இன்னும் கனத்தது. மூலைத் தூண் ஒன்று சாய்ந்தது, அது அடுத்ததை இழுத்தது. விடிந்து போய்ப் பார்த்தால் கொடியும் கம்பியும் பழமும் சேற்றில் கிடந்தன. அப்பா இருதயம் வீட்டுக்கு வந்து முகம் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். வாளித் தண்ணீர் தீர்ந்த பிறகும் வெறுங்கையால் முகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு வந்த இருபத்தைந்து வருடங்களில் அப்படி ஒரு மழை அந்தப் பந்தல்மேல் பெய்யவே இல்லை. சகாயராணிக்குள் மட்டும் ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் பெய்தது.

அவள் கைப்பேசியில் மூன்று வானிலைச் செயலிகள் இருந்தன. ஒன்று மழை என்னும், இன்னொன்று இல்லை என்னும், பஞ்சாயத்துக்கு மூன்றாவதிடம் போனால் அது 'வாய்ப்பு உண்டு' என்று நழுவும். போன வெட்டுவரை, அதன் பிறகு தம்பிக்குப் போன்தான்.

"ஏலே பீட்டரு, அங்கன மழையா?"

"இல்லக்கா."

"மேகம்?"

"மேகம் இல்லாம லோயர் கேம்ப் ஏதுக்கா? மலைக்கு அடியில உக்காந்திருக்கேன். மேகந்தான் எனக்குப் பக்கத்து வீடு."

"கறுப்பா வெளுப்பா?"

"யக்கா, காலையில இருந்து இது ஏழாவது போனு. எங்க சூப்பர்வைசரு, 'ஒன்னைய வானிலை ஆபீசுக்கே மாத்தி விட்டுர்றேன்'ங்கறாரு."

அவளும் சிரித்துவிட்டு வைப்பாள். பத்து நிமிடம் நெஞ்சு அடங்கும். பதினோராவது நிமிடம் கழுத்து தானாக மலைப்பக்கம் திரும்பும்.

இந்தத் தடவை பயம் முந்திக்கொண்டது. ஆவணியில் ஒருநாள் கவாத்து முடிந்த வெறும் பந்தலுக்கு அடியிலேயே மூச்சு முட்டி, இடது கை மரத்துப்போய் உட்கார்ந்துவிட்டாள். ஆண்டனி ராஜ் ஆட்டோ பிடித்து அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார். ஈ.சி.ஜி.யில் கோளாறில்லை, ரத்தத்திலும் இல்லை. மருத்துவர் ஒரு சீட்டு எழுதி, வாரம் ஒருநாள் அங்கே கடைசி அறைக்கு வருகிற மனநல ஆலோசகரைப் பார்க்கச் சொன்னார்.

"கடைசி ரூமா? அங்கன பைத்தியத்துக்குல்ல பாப்பாக!"

"நீ மழைக்குப் பண்ற கூத்துக்கு, சரியான ரூமுக்குத்தான் அனுப்பியிருக்காக." ஆண்டனி ராஜ் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சி.பி.டி.ன்னு போட்டிருக்கு. என்னா இது, புது உரமா?"

ஆலோசகர் சொர்ணலதா போடிக்காரர், முப்பது வயதுக்குள் இருக்கும். மேசையில் மாத்திரை இல்லை, ஊசி இல்லை, ஒரு தண்ணீர் பாட்டிலும் பேனாவும்தான். சின்ன வயதுக் கதை எதையும் கேட்கவில்லை. போன வெட்டைப் பற்றிக் கேட்டார், போலீஸ் விசாரணை மாதிரி மணிக்கணக்காக. எத்தனை மணிக்குப் போனை எடுத்தீர்கள்? எடுப்பதற்கு முன்னால் மனதில் என்ன ஓடியது? அப்போது உடம்பு எப்படி இருந்தது? எடுத்த பிறகு?

"நம்ம நெனப்பு, அது உடம்புல செய்யற வேலை, அதுக்குப் பயந்து நாம செய்யற காரியம், மூணையும் பிரிச்சு வச்சுப் பாக்குற சிகிச்சைம்மா இது. ஒங்களுக்கு நெஞ்சு அடிக்குது. 'பாரு, மழை வரப்போகுது, அதான் அடிக்குது'ன்னு நெனைக்கிறீக. நெஞ்சு என்ன மழைமானியா?"

சகாயராணி மேசையிலிருந்த பேனாவைத் திருப்பி வைத்தாள்.

"கடைசி ஆறு வெட்டச் சொல்லுங்க. வெட்டுற வாரத்துல மழை எத்தன தடவ வந்துச்சு?"

'எல்லாத் தடவையும்' என்று வாய்வரை வந்தது. விரல்விட்டுப் பார்த்தாள். இரண்டு. அதிலும் ஒன்று தூறல்.

"பந்தல் விழுந்தது?"

"விழுகல."

"பழம் புளிச்சது?"

சகாயராணி இரண்டு விரலை நீட்டினாள்.

"அப்ப ஒங்க பழத்தக் கெடுத்தது மழையாம்மா? மழைக்கு முந்திக்கிட்ட வெட்டா?"

சகாயராணிக்குச் சுருக்கென்றது. "மேடம், நீங்க பந்தல் போட்டிருக்கீகளா?"

"இல்லம்மா."

"அப்பப் பேசாதீக."

சொர்ணலதா கோபப்படவில்லை, சிரிக்கவும் இல்லை. "சரி, பேசல. எழுதுவோம்" என்று நாற்பது பக்க நோட்டு ஒன்றை மேசைமேல் வைத்தார்.

கை போனுக்குப் போகும்போதெல்லாம் முதலில் நோட்டில் எழுத வேண்டும்: என்ன நடக்கப்போகிறது என்று மனம் சொல்கிறது, நூற்றுக்கு எத்தனை உறுதியாகச் சொல்கிறது. அந்த நேரம் தாண்டிய பிறகு, நடந்ததைப் பக்கத்தில் எழுத வேண்டும். வானத்தையும் செயலியையும் ஒரு நாளைக்கு மூன்று வேளை மட்டும் பார்க்கலாம். தம்பிக்கு ஒரே ஒரு போன்.

"மழை வரும்னா வரும் மேடம். நோட்டுல எழுதுனா நிக்குமா?"

"நிக்காது. மழைக்காக எழுதல. ஒங்க கைக்காக எழுதறோம். பெய்யறதுக்கு முன்னாலயே போன எடுத்து 'வெட்டு'ங்கறது அந்தக் கைதான?"

கடைசிப் பக்கத்தில் சொர்ணலதாவே ஒரு தலைப்பு எழுதிக் கொடுத்தார்: 'மழை வந்துவிட்டால் என்ன செய்வேன்?' அதற்குக் கீழே சகாயராணி ஐந்து வாரம் ஒன்றும் எழுதவில்லை. எழுதினால் வந்துவிடும் என்று பயம். அதையும் கண்டுபிடித்துவிட்டார் அந்தப் பெண். "சரிம்மா, எனக்கு லாட்டரி விழும்னு எழுதித் தாங்க, விழுதான்னு பாப்போம்" என்றார். போன வாரம்தான் அந்தப் பக்கம் நிரம்பியது.

இப்போது செவ்வாய், பதினொன்றரை மணி. எண் இன்னும் திரையில் ஒளிர்ந்தது.

சகாயராணி போனை இடுப்பில் செருகிவிட்டு நோட்டை எடுத்தாள். 'இன்று பொழுது சாய்வதற்குள் பெருமழை. தொண்ணூறு.' நெஞ்சு மத்தளம் கொட்டியது. எழுதினதும் அடங்கிவிடும் என்று நினைத்திருந்தாள், அடங்கவில்லை. வெயில் இலைவழியே புள்ளி புள்ளியாக விழுந்த இடத்தில் உட்கார்ந்து, ஒன்றும் செய்யாமல் அதை அடிக்கவிட்டாள். ஒன்றும் செய்யாமல் இருப்பது கல் உடைப்பதைவிடக் கடினம் என்று அன்றைக்குத் தெரிந்தது. இருபது நிமிடம் கழித்துப் பசித்தது. நாலு மணிக்கு மேகம் மலையேறிக் கேரளத்துப் பக்கம் போய்விட்டது.

'பெய்யவில்லை' என்று எழுதினாள். சந்தோஷம் வரவில்லை. மனம் தேதியை மட்டும் மாற்றிக்கொண்டது: இன்றைக்குத் தப்பித்தாய், நாளைக்கு?

புதன்கிழமை பக்கத்துத் தோட்டத்தில் ஆள் சத்தம். பேச்சிமுத்து வெட்ட ஆரம்பித்துவிட்டார். கல்தூணுக்கு அந்தப் பக்கம் நின்று துண்டை உதறினார்.

"என்னா தங்கச்சி, எப்பவும் நீதான் மொத ஆளா வெட்டுவ. ஒன்னைய வச்சுத்தான் நாங்க வானத்தப் பாக்குறதே. இந்தத் தடவ என்னா, நேர்ச்சையா?"

"சனிக்கிழமதாண்ணே வெட்டு."

"சனிக்கிழம தண்ணிக்குள்ள நின்னு வெட்டப்போற. டிவியில என்னா சொல்றான்னு பாத்தியா? கடல்ல என்னமோ சுத்துதாம்."

அவள் பார்க்கவில்லை. பன்னிரண்டு மணிக்குத்தான் பார்க்கலாம். அதற்கு இருந்த ஒன்றேகால் மணி நேரத்தில் வீட்டுக்குப் போய்ப் பாத்திரத்தை இரண்டு தடவை கழுவினாள். பன்னிரண்டுக்குப் பார்த்தால் மூன்று செயலிகளும் முதல்முறையாக ஒரே வார்த்தையைச் சொல்லின: வெள்ளிக்கிழமை, மழை.

சாயங்காலம் ஆண்டனி ராஜ் பணி முடிந்து வந்தார். எப்போதும் 'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்று கேலி பண்ணுகிற மனிதர், அன்றைக்குப் பையைக்கூட இறக்கவில்லை.

"ராணி, வண்டியில ஏறுறவுக பூராம் மழைப் பேச்சுத்தான். சின்னமனூர் பக்கம் எல்லாரும் வெட்டுறாக. நாளைக்கே வெட்டிரு."

"ஒரு வருசமா 'பயப்படாத, பயப்படாத'ன்னு சொன்னீகளே!"

"அப்பப் பயப்பட ஒண்ணும் இல்ல. இப்ப இருக்குல்ல?"

"சனிக்கிழமன்னு முடிவு பண்ணிருக்கு."

"யாரு, அந்த நோட்டா? நோட்டா வந்து பழத்துக்குக் கொடை பிடிக்கப்போகுது?"

அவள் பயத்தை அவள் ஒருத்தியே எதிர்த்துக்கொண்டிருந்தவரை எப்படியோ தாக்குப்பிடித்தாள். இப்போது பக்கத்து வீடும் சொந்த வீடும் அந்தப் பக்கம் போய்விட்டன. நோட்டை எடுக்காமலே போனை எடுத்தாள்.

"அக்கம்மா, காலையில ஆளக் கூட்டியாந்துரு."

வைத்தவுடன் உடம்பு லேசானது, பாரம் இறக்கிய மாதிரி. போன வெட்டிலும் அதற்கு முந்தியதிலும் இதே சுகம்தான் வந்தது. அது நினைவுக்கு வந்ததும் லேசானது மறுபடி கனத்தது. ஆனாலும் திரும்பக் கூப்பிட்டு வேண்டாமென்று சொல்லவில்லை.

வியாழன் காலை ஆறு மணிக்குப் பன்னிரண்டு பெண்கள் பந்தல் வாசலில் நின்றார்கள். முன்னால் அக்கம்மாள், வெற்றிலை போட்ட வாயோடு. கத்தரிக்கோல்கள் இடுப்பில் தயாராக இருந்தன. பிளாஸ்டிக் டிரேக்கள் அடுக்கப்பட்டிருந்தன.

"எங்கன இருந்து ஆரம்பிக்கட்டும் தாயி?"

சகாயராணி முதல் வரிசையில் நின்றாள். ஒரு கொத்தைக் கையில் ஏந்தினாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, அடிநுனிப் பழத்தைக் கிள்ளி வாயில் போட்டாள். தோல் வெடித்ததும் இனித்தது. விதையருகே பல் போனதும் நாக்கின் ஓரம் இரண்டும் கூசிச் சுருண்டன. அடுத்த வரிசையில் ஒன்று. நடுப்பந்தலில் ஒன்று. எல்லாம் அதே கதைதான். இதை இன்றைக்கு வெட்டினால் நாகராஜின் ஒரு கண் மூடும். அது நூற்றுக்கு நூறு. நாளைய மழை எவ்வளவு என்று அவளுக்குத் தெரியாது, செயலிக்கும் தெரியாது.

"வெட்டல" என்றாள்.

"என்னாத்தா?"

"இன்னைக்கு வெட்டல. சனிக்கிழமதான் வெட்டு."

அக்கம்மாள் வெற்றிலையை ஓரமாகத் துப்பினாள். "ஏத்தா, பன்னெண்டு பொம்பளைகள எழுப்பிக் கூட்டியாந்துட்டு வெட்டலைங்கற! இவளுக என்ன ஒன் பந்தலுக்கு டூர் வந்தவளுகளா?"

"வேல இருக்கு. கூலியும் உண்டு."

சகாயராணி நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். ஐந்து வாரம் பயந்து தள்ளிப்போட்டு எழுதியது, வாசித்தால் சாதாரணத் தோட்டவேலையாகத்தான் இருந்தது. கொத்தை மறைக்கிற இலைகளைக் கிள்ள வேண்டும். காற்றுப் புகுந்தால் நனைந்த பழம் சீக்கிரம் உலரும். வரப்போரம் வாய்க்காலை ஆழப்படுத்த வேண்டும். மூலைத் தூண் நாலுக்கும் முட்டுக் கொடுக்க வேண்டும். மழை விட்டவுடன் கம்பியை உலுக்கக் கவைக்கம்பு நாலைந்து வேண்டும்.

"நோட்டப் பாத்து வேல சொல்ற மொதலாளிய இப்பத்தான் பாக்கேன்" என்றாள் அக்கம்மாள். "ஒனக்குச் சனி பிடிச்சிருக்கு தாயி. நீ வேதக்காரியா இருந்தா என்ன, குச்சனூர் சனி கோயிலுக்கு வந்து ஒரு எள்ளு விளக்கு போட்டுட்டுப் போ."

"எங்க மாதாவுக்கு வச்ச நேர்ச்சையே மூணு நிக்கிது. அத முடிச்சிட்டு வாரேன்."

பெண்கள் சிரித்தார்கள். கத்தரிக்கோல்களைச் செருகிக்கொண்டு இலை கிள்ளப் போனார்கள். அன்று முழுக்க வானம் வெளுத்துக் கிடந்தது. ஆண்டனி ராஜ் அவளோடு பேசவில்லை.

வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று பத்துக்கு முதலில் காற்று வந்தது. பந்தல் முழுக்க இலைகள் ஒருசேரத் திரும்பி வெள்ளைப் புறத்தைக் காட்டின. சகாயராணி வீட்டிலிருந்து தோட்டத்துக்கு ஓடினாள். பாதி வழியில் முதல் துளி முன்கையில் விழுந்தது, கூழாங்கல் கனத்தில்.

பந்தலுக்கு அடியில் நின்றாள். மேலே சடசடவென்று இரைச்சல். மூச்சு மேலே ஏறி நெஞ்சுக்குழியில் சிக்கிக்கொண்டது. இடது கை மரத்தது. 'விழப்போகிறது, மூலைத் தூண் விழப்போகிறது' என்று மனம் நூற்றுக்கு நூறாகக் கத்தியது. நோட்டு வீட்டில் இருந்தது. அவள் மூலைத் தூணைப் பார்த்தாள், நின்றது. காற்று ஓங்கிக் கம்பி முனகியது. மறுபடி பார்த்தாள். முட்டுக் கொடுத்த மரம் மண்ணில் ஒரு விரல் இறங்கியது, பிறகு நின்றது. "நிக்கிது" என்று வாய்விட்டே சொன்னாள். அடுத்த தூணுக்கு நடந்தாள். "நிக்கிது." மூன்றாவதிடம் மரத்த கையோடேயே போனாள். கீழ்வரப்பில் தண்ணீர் தேங்குவது தெரிந்தது. வாய்க்கால் வாயில் இலை அடைத்திருந்தது. குனிந்து இரண்டு கையாலும் வாரி எறிந்தாள். தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது.

முப்பத்தைந்து நிமிடத்தில் மழை விட்டது. அந்த முப்பத்தைந்து நிமிடத்தில் அவள் அழவில்லை, யாருக்கும் போன் பண்ணவில்லை. அவளுக்கே அது பிறகுதான் தோன்றியது.

கவைக்கம்பை எடுத்துக் கம்பியை உலுக்கினாள். கொத்துகளிலிருந்து தண்ணீர் தலையிலும் கழுத்திலும் கொட்டியது. மூன்றாவது வரிசையை உலுக்கும்போது எதிர்க்கோடியிலும் கம்பி ஆடியது. காக்கிச் சட்டையோடு ஆண்டனி ராஜ் இன்னொரு கம்பால் உலுக்கிக்கொண்டிருந்தார். பேருந்தை விட்டு இறங்கி நேரே வந்திருக்கிறார்.

"தூணு?" என்றார்.

"நிக்கிது."

"பழம்?"

"காலையிலதான் தெரியும்."

"இந்த ரெண்டு வார்த்தைக்கா நான் ரெண்டு ராத்திரியாத் தூங்கல!" என்றார் ஆண்டனி ராஜ்.

சனிக்கிழமை விடிந்ததும் தெரிந்தது. தண்ணீர் தேங்கிய கீழ்வரப்பு ஓரத்தில் இரண்டு வரிசை. பழங்கள் தோல் பிளந்து, எறும்பு ஏறிக் கிடந்தன. சகாயராணி அங்கேயே நெடுநேரம் நின்றாள். பிறகு மற்ற வரிசைகளுக்குப் போனாள். ஒன்று, மூன்று, ஏழு. முழுசாக இருந்தன. 'மழை வந்தால் எல்லாம் போச்சு' என்று இருபத்தைந்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். வந்தது. போனது இரண்டு வரிசை. அது அவளுக்கு வலிக்கவும் செய்தது.

ஏழு மணிக்கு நாகராஜ் வந்தான். ராத்திரியே மழைச் செய்தி எட்டியிருக்கும். முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு நேரே ஓரத்து வரிசைக்குத்தான் போனான். வெடித்த கொத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே விட்டான். சகாயராணி ஒன்றையும் மறைக்கவில்லை. அவன் பின்னாலேயே நடந்தாள், விளக்கம் சொல்ல வந்த வாயை அடக்கிக்கொண்டு. நடுப்பந்தலில் ஒரு கொத்தை ஏந்தி நுனிப் பழத்தைக் கடித்தான். விதையைத் துப்பினான். இன்னொரு வரிசையில் இன்னொன்று. அதற்கும் தள்ளி இன்னொன்று. இரண்டு கண்ணும் திறந்தே இருந்தன.

"ஓரத்துல அந்த ரெண்டு வரிசை எனக்கு வேணாம்."

"தெரியும்."

"மத்தத ஏத்தச் சொல்லுக்கா." நாலாவதாக ஒரு பழத்தைக் கிள்ளினான். இது பார்ப்பதற்கு இல்லை, தின்பதற்கு. "இம்புட்டு நாளா இந்தப் பழத்த எங்கன ஒளிச்சு வச்சிருந்த? போன ரெண்டு தடவையும் இத முந்தி வெட்டுனது யாரு?"

"நாந்தான்" என்றாள் சகாயராணி.

அக்கம்மாளின் ஆட்கள் மூன்று மணிவரை வெட்டினார்கள். டிரே நிரம்பி வண்டி கம்பத்துச் சாலைக்கு ஏறும்போது பேச்சிமுத்து தூணருகே வந்தார். புதன்கிழமையே வெட்டிய அவர் பழம் புளித்ததற்கு என்ன பேச்சு விழுந்தது என்று ஊருக்கே தெரியும், யாரும் கேட்கவில்லை.

"தப்பிச்சுட்ட தங்கச்சி."

"ரெண்டு வரிசை தப்பலண்ணே."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, மத்தியானம் குழம்பு ஊற்றிச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோது ஓட்டின்மேல் சடசடவென்று மழை இறங்கியது. சகாயராணியின் கை தட்டிலேயே நின்றது. நெஞ்சு படபடவென்று அடித்தது, வெள்ளிக்கிழமை அடித்த அதே அடி. எழுந்து ஓட ஒரு கால் மடங்கியும்விட்டது.

எதிரே ஆண்டனி ராஜ் எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தார். "எங்க போற? பந்தல்ல ஒத்தக் கொத்துகூட இல்லையே."

ஆமாம், இல்லை. வெறும் இலை. நனைந்தால் நல்லது. நெஞ்சுக்கு மட்டும் அது தெரியவில்லை, பழம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதற்கு ஒன்றுதான். சகாயராணி தன் மார்பைத் தானே குனிந்து பார்த்தாள், வீட்டுக்குள் புதிதாக வந்த ஆட்டுக்குட்டியைப் பார்ப்பதுபோல. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"இங்க கைய வச்சுப் பாருங்க" என்றாள். "பழமே இல்ல. இது பாட்டுக்கு அடிக்குது."

அவர் எச்சில் கையை ஒதுக்கி, இடது கையை வைத்துப் பார்த்தார். "ஆமா, அடிக்குது. இப்ப என்னா செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேணாம். சாப்புடுங்க."

மழை பெய்தது. அவள் சோற்றை உருட்டி வாயில் வைத்தாள். நெஞ்சு இன்னும் கொஞ்ச நேரம் அடித்தது. அவள் மறுசோறு வாங்கிக்கொண்டாள்.